படங்குக் கயிற்றின் கீழே

குன்னூரில் உள்ள அந்த ஆராய்ச்சி நிலையத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஆளுயரப் படம் ஒன்று தெரியும். கறுப்புப் பின்னணி, நடுவில் நீலமாக ஓர் உருண்டை, அதைச் சுற்றிச் சிவப்பு இழைகள், இழைகளின் மேல் கொத்துக் கொத்தாகப் பச்சைப் புள்ளிகள். பார்க்க வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். மனித செல் ஒன்றுக்குள் உண்ணிக் காய்ச்சல் கிருமி புகுந்து குடித்தனம் நடத்தும் காட்சி அது. கீழே எட்டுப் பேரின் பெயர் இருக்கிறது. படத்தை எடுத்த ஷாயிஸ்தாவின் பெயர் இல்லை.

அந்தக் கடுப்பில்தான் ஷாயிஸ்தா விழாவில் அப்படி நடந்துகொண்டாள் என்று நிலையத்தில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சுத்தப் பேத்தல். பெயர் விடுபடுவதெல்லாம் அவளுக்கு ஒன்பது வருஷத்துப் பழக்கம். ஒப்பந்த வேலைக்காரியின் பெயரை எங்கே போட்டார்கள், இங்கே போட? அவளுடைய கோபம் வேறு. அது என்ன என்று கேட்கக்கூட அந்தப் பெரிய மனிதர்களுக்கு நேரம் இல்லை.

ஊட்டி மார்க்கெட்டில் குடைக்கடை வைத்திருக்கும் ரஹீமின் கடைசிப் பெண் அவள். வயது முப்பத்துநான்கு. கோயம்புத்தூரில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, ஆறு மாதத்துக்கு என்று இங்கே வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். காலை ஏழரை பஸ்ஸில் ஊட்டியிலிருந்து இறங்குவாள். பிறகு நாள் முழுக்க, ஜன்னலே இல்லாத ஓர் இருட்டறையில், நிலையத்தின் மிகப் பெரிய நுண்ணோக்கியோடு இருப்பாள். அது சாதாரண நுண்ணோக்கி அல்ல. லேசர் ஒளியைச் செல்லுக்குள் பாய்ச்சி, ஓர் அடுக்கைப் படம் பிடித்து, பிறகு அதற்குக் கீழ் அடுக்கைப் பிடித்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முழு உருவத்தைக் காட்டும். வெங்காயத்தை வெட்டாமலே ஒவ்வொரு தோலாகப் பார்ப்பது போல. அதற்குப் பொறுமை வேண்டும், நடுங்காத கை வேண்டும். இரண்டும் அவளிடம் இருந்தன. பொறுமை நுண்ணோக்கியோடு மட்டும்தான், மனிதர்களிடம் கிடையாது என்று அவளுடைய அத்தா ரஹீம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

2023 ஆகஸ்டில் பதினேழாம் எண் மாதிரி வந்தது. ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரி அனுப்பிய ரத்தம். கூடவே ஒரு படிவம்: பெண், வயது ஐம்பத்தைந்து, தேயிலைத் தொழிலாளி, தேவாலா வட்டாரம். அந்த ரத்தத்திலிருந்த கிருமியை நிலையத்தின் பூட்டிய அறையில் மனித செல்களுக்குள் விட்டு வளர்த்தார்கள். பிறகு அதைக் கொன்று, ஒளிரும் சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் ஷாயிஸ்தாவிடம் கொடுத்தார்கள்.

முதல் நாள் முதல் மணி நேரத்திலேயே அவள் பார்த்துவிட்டாள். செல்லுக்குள் நுழைந்த கிருமி, செல்லின் சொந்த இழைகளையே பாதையாக்கிக்கொண்டு உட்கருவை நோக்கி ஏறிப் போயிருந்தது. அங்கே கூட்டமாக உட்கார்ந்து பெருகிக்கொண்டிருந்தது. அவள் இருட்டறையிலிருந்து ஓடிப்போய்த் தலைமை விஞ்ஞானி சிவகுருவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்காராமலே பத்து நிமிஷம் நின்றார். அடுத்த மூன்று வாரம் அவள் அந்தப் பச்சைப் புள்ளிகளோடுதான் வாழ்ந்தாள். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று படத்தை அட்டையில் போட்டது. நிலையத்தில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தார்கள்.

பதினேழாம் எண் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. ஷாயிஸ்தாவும் கேட்கவில்லை. ஆள் பிழைத்தாரா இல்லையா என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

அடுத்த வருஷம் சிவகுருவுக்கு வேறொரு குறை வந்தது. உண்ணி கடித்த இடத்தில் கறுப்பாக ஒரு புண் வரும். சிகரெட்டால் சுட்ட மாதிரி இருக்கும். அதன் பொருக்கில்தான் கிருமி நன்றாகக் கிடைக்கும். ஆனால் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் படிவங்களில், பெண்கள் என்றால், 'கறுப்புப் புண்: இல்லை' என்றே வந்துகொண்டிருந்தது. மாதிரி எடுக்கப் போகிறவர்கள் இருவரும் ஆண்கள். ஒரு பெண்பிள்ளையிடம் போய்ச் சேலையை விலக்கு என்று அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? கேட்காமலே 'இல்லை' என்று எழுதிவிட்டு வந்தார்கள். அதனால் ஆகஸ்ட் மாதத்து மழையில் ஷாயிஸ்தாவை ஜீப்பில் ஏற்றித் தேவாலாப் பக்கம் அனுப்பினார்கள். ஒன்பது வருஷத்தில் அவள் முதல்முறையாக நோயாளியின் முகத்தைப் பார்க்கப் போனாள்.

அது ஒரு தனியார் எஸ்டேட். டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஹெர்பர்ட், ஐம்பது தாண்டியவர், இருபத்திரண்டு வருஷமாக அங்கேயே வேலை பார்ப்பவர், குடையோடு வந்து தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குக் கூட்டிப்போனார். மூன்றாவது வீட்டில் சுமலதா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயது, கொழுந்து எடுக்கிறவள். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள்.

"ஏனுங்க, உடம்புல எங்கயாவது கறுப்பாப் புண்ணு இருக்குதுங்களா?" என்று ஷாயிஸ்தா கேட்டாள்.

"அப்படி ஒண்ணும் இல்ல மேடம். படங்குக் கயிறு அறுத்தது மட்டும் இருக்கு. அது எல்லாப் பொம்பளைகளுக்கும் இருக்கறதுதான்."

மழையிலும் செடி முள்ளிலும் சேலை கிழியாமல் இருக்க, கொழுந்து எடுக்கும் பெண்கள் சாக்கையோ தடித்த பிளாஸ்டிக் தாளையோ இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். அதற்குத்தான் படங்கு என்று பெயர். நழுவாமல் இருக்கக் கயிறு போட்டு இறுக்குவார்கள். எட்டு மணி நேரம் கூடையின் பாரத்தோடு அந்தக் கயிறு உரசினால் தோல் அறுபடாமல் என்ன செய்யும்? டிஸ்பென்சரியில் போய்க் காட்டுவார்கள். ஹெர்பர்ட் ஊதா மருந்தைப் பஞ்சில் தொட்டுத் தடவி அனுப்புவார். புல்லிலிருந்து ஏறும் உண்ணியோ, துணி எங்கே இறுகுகிறதோ அங்கே வந்து நின்று கடிக்கும். கயிறு அறுத்த இடமும் உண்ணி கடித்த இடமும் ஒன்றாகவே இருந்தன. இரண்டின் மேலும் ஒரே ஊதா மருந்து.

ஷாயிஸ்தா ஹெர்பர்ட்டை வெளியே நிற்கச் சொன்னாள். சுமலதாவின் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறம் அப்பியிருந்தது. ஸ்பிரிட் தொட்டு மெல்லத் துடைத்தாள். கயிற்றுத் தடத்துக்கு நடுவில், சட்டைப் பொத்தான் அளவுக்கு, சிவந்த விளிம்போடு கறுப்புப் பொருக்கு ஒன்று வெளியே வந்தது.

"இது எரியுதுங்களா?"

"மத்த இடமெல்லாம் எரியும். இது மட்டும் ஒண்ணும் தெரியல. மரத்த மாதிரி இருக்கு."

கயிறு அறுத்தால் எரியும். உண்ணி கடித்த புண் வலிக்காது, அரிக்காது. அவ்வளவுதான் வித்தியாசம். எரிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தையை யாரும் கேட்கவில்லை.

"எங்கம்மாவுக்கும் இதே எடத்துலதான் இருந்துச்சு," என்றாள் சுமலதா. "வீரம்மான்னு பேரு. போன வருஷம் இதே மாசம். அஞ்சு நாள் காய்ச்சல் மாத்திரையே குடுத்தாங்க. மூச்சு வாங்கிருச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். அங்க ஒரு நர்ஸம்மா உடம்பு தொடைக்கிறப்ப இதப் பாத்துட்டு, ரத்தம் எடுத்துக் குன்னூருக்கு அனுப்பணும்னாங்க. மறுநாளே போயிட்டாங்க."

"அம்மாவுக்கு என்ன வயசுங்க?"

"அம்பத்தஞ்சு."

ஷாயிஸ்தாவுக்குப் பதினேழாம் எண் படிவம் நினைவுக்கு வந்தது. அவள் மூன்று வாரம் கண் எடுக்காமல் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தது வீரம்மாவைக் கொன்ற கிருமியை. முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் ஓடினாள். எங்கே ஓடினாள்? சிவகுருவிடம். போனை எடுத்து இந்த எஸ்டேட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே! யாருடைய ரத்தம், எந்தத் தோட்டம், அங்கே வேறு யாருக்கு இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையே! சாக்லேட்டைத் தின்றாள். தன்மீதே அவளுக்கு அப்படியோர் ஆத்திரம் வந்தது.

வெளியே வந்து ஹெர்பர்ட்டைப் பிடித்துக்கொண்டாள். "இதுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை குடுக்கணும் சார். உங்ககிட்ட இருக்குதா?"

"இருக்குங்க. டாக்டர் எழுதாம நான் குடுக்க முடியாதுங்களே. டாக்டர் வியாழக்கிழமை வருவாரு."

"இன்னைக்குச் சனிக்கிழமைங்க!"

"ஏனுங்க, என்னய ஏன் திட்டறீங்க? ஊதா மருந்து போடச் சொல்லி டாக்டர் எழுதி வச்சிருக்காரு, போடறேன். வேற மாதிரி செய்யணும்னா எழுத்துல வரட்டும். உங்க ஆபீஸ்ல இருந்தே ஒரு லெட்டர் அனுப்புங்க. அதக் காட்டி நான் மாத்திரை குடுக்கறேன். லெட்டர் இல்லாம குடுத்து ஏதாச்சும் ஆச்சுன்னா என் வேலை போயிருங்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் ஷாயிஸ்தாவை இன்னும் எரித்தது. குன்னூரில் தெரிந்த விஷயத்தைத் தேவாலாவில் இருக்கும் இந்த மனிதருக்கு யார் சொன்னார்கள்?

ஃபேக்டரி வாசலில்தான் சிக்னல் கிடைத்தது. சிவகுருவைக் கூப்பிட்டாள்.

"பொருக்கு எடுத்தாச்சா? வெரி குட். ஐஸ் பெட்டியில வச்சுக் கொண்டு வந்துடுங்க," என்றார் அவர்.

"சார், இவங்களுக்கு உடனே மருந்து வேணும்."

"அது நம்ம வேலை இல்லம்மா. பாக்கறதுதான் நம்ம வேலை. பாசிட்டிவ்னா ரிப்போர்ட் போகும்."

"எப்ப சார் போகும்?"

"வழக்கமா எப்பப் போகுமோ அப்ப."

வழக்கம் என்பது ஆறு வாரம். வீரம்மாவின் ரிப்போர்ட் கிளம்பியபோது அவளுக்குக் கருமாதி முடிந்து இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது.

ஷாயிஸ்தா போனை வைத்துவிட்டாள். பொருக்கை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு சுமலதாவைக் கம்பளியோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கூடலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே கிருத்திக் என்று ஓர் இளம் டாக்டர். வைரல் காய்ச்சல்தான், மழைக்காலம், எல்லாருக்கும் வருகிறது என்று மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தபடியே எழுத ஆரம்பித்தான்.

"இடுப்பைப் பாருங்க டாக்டர்."

"எஸ்டேட் லேடீஸ்க்குக் கயிறு தடம் இருக்கத்தான் செய்யும்."

அவ்வளவுதான். ஷாயிஸ்தா போனைத் திறந்து அந்தப் படத்தை அவன் எழுதிய மருந்துச் சீட்டின் மேலேயே வைத்தாள். "இந்தப் பச்சையெல்லாம் என்னன்னு தெரியுதுங்களா? இவங்கம்மா ரத்தத்துல இருந்தது. நான்தான் படம் எடுத்தேன். அவங்களுக்கும் கயிறு தடம்னுதான் சொன்னாங்க. அவங்க செத்துட்டாங்க. எந்திரிச்சு வந்து பாருங்க!"

பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கிருத்திக் எழுந்து வந்து பார்த்தான். அவன் காது சிவந்துவிட்டது. வெட்கப்படத் தெரிந்த டாக்டர், தேவலாம். அந்த நிமிஷமே மாத்திரை எழுதி, தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தான். இரண்டாம் நாள் மாலை சுமலதாவுக்குக் காய்ச்சல் விட்டது.

மறுநாள் பார்க்கப் போன ஷாயிஸ்தாவிடம் சுமலதா அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள். சின்னதாக்கினாள்.

"அக்கா, இது எங்கம்மா உடம்பா?"

"இல்லைங்க. செல்லு வேற யாரோடதோ. அந்தப் பச்சை மட்டும் உங்கம்மா ரத்தத்துல இருந்து வந்தது."

"அது இப்பவும் அங்க இருக்குதா?"

"ஐஸ்ல வச்சிருக்கோம். தேவைப்படறப்ப எடுத்து வளப்போம்."

சுமலதா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப எங்கம்மாவ விட்டுட்டு, எங்கம்மாவக் கொன்னத மட்டும் பத்திரமா வச்சு வளக்கிறீங்க."

அந்தப் பேச்சில் குத்தல் இல்லை. அவள் புரிந்துகொண்டதைத்தான் சொன்னாள். ஷாயிஸ்தா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதாள்.

குன்னூருக்கு வந்தவள் அன்றே ஒரு கடிதம் தயார் செய்தாள். தமிழில், ஒரே பக்கம். எல்லா எஸ்டேட் டிஸ்பென்சரிகளுக்கும். காய்ச்சல் என்று வரும் பெண்களைப் பெண் ஆள் ஒருவர் படங்கை அவிழ்த்துப் பார்க்க வேண்டும், புண் எரிகிறதா என்று கேட்க வேண்டும், எரியாத கறுப்புப் புண் என்றால் ஊதா மருந்து தடவாமல் அன்றே மாத்திரை தொடங்க வேண்டும். சிவகுருவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவர் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். டெல்லியில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார். பிறகு வார்த்தைகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றார். பிறகு நிலையத்தின் விழா வருகிறது, விழாவிலேயே வெளியிட்டால் பத்திரிகைக்காரர்கள் இருப்பார்கள் என்றார். வாரத்துக்கு இரண்டு தடவை ஷாயிஸ்தா போய் அவருடைய மேஜைக்கு முன்னால் நின்றாள். ஐம்பத்தொரு நாள் அந்தக் காகிதம் அங்கே கிடந்தது. ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? சாப்பாட்டு டப்பா திறக்கிற நேரம்.

அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை, விழா. 'எங்கள் ஆராய்ச்சியால் உயிர் பிழைத்த தொழிலாளி' என்று அழைப்பிதழில் சுமலதாவைப் போட்டிருந்தார்கள். ஆராய்ச்சியால் பிழைத்தாளாம்! மாத்திரையால் பிழைத்தாள், அதுவும் அந்த மாத்திரை இவர்கள் கொடுத்ததல்ல. சிவகுரு இருபது நிமிஷம் நுண்ணோக்கியின் பெருமையைப் பேசினார். பிறகு சுமலதாவின் கையில் மைக்கைக் கொடுத்து, நன்றி சொல்லும்மா என்றார்.

நீலப் பட்டுச்சேலையில் வந்திருந்த சுமலதா மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டாள்.

"நன்றி சொல்ல வேண்டியவங்களுக்கு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டேங்க. இந்தப் படத்துல இருக்கறது எங்கம்மாவுக்கு வந்த நோவு. நீங்க கண்ணால பாத்தாச்சு. எங்க டிஸ்பென்சரிக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லல. காலையில நான் பஸ் ஏறறப்ப எங்க லைன்ல நாலு பேருக்குக் காய்ச்சல். ஒருத்திக்கு மூச்சு வாங்குது. டாக்டர் வியாழக்கிழமைதான் வருவாரு. இங்க இத்தன படிச்சவங்க இருக்கீங்க. யாருங்க இப்ப எங்கூட வர்றீங்க?"

முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லாரும் தட்டினார்கள். அவள் பேசி முடித்துவிட்டாள் என்று நினைத்துத் தட்டினார்கள். சுமலதா மைக்கைப் பிடித்தபடி, பதில் வரும் என்று நின்றுகொண்டிருந்தாள்.

ஷாயிஸ்தா எழுந்தாள். கடிதத்தின் இன்னொரு பிரதி எப்போதும் அவள் பையில் இருக்கும். மேடை ஏறிப்போய் அதைச் சிவகுருவின் முன்னால், சிறப்பு விருந்தினரின் மாலைக்குப் பக்கத்தில் வைத்து, பேனாவையும் திறந்து வைத்தாள்.

"ஃபங்ஷன் முடியட்டும்," என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "சீஃப் கெஸ்ட்டுக்கு நீங்கதான் மைக்ராஸ்கோப்பைக் காட்டணும்."

"மைக்ராஸ்கோப் எங்கயும் போயிராது சார். நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் நான் இங்கிருந்து எறங்கப் போறதில்ல."

மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. அவள் சொன்னது கடைசி வரிசைக்கும் கேட்டது. சிறப்பு விருந்தினர் காகிதத்தை எட்டிப் பார்த்தார். சிவகுரு கையெழுத்துப் போட்டார். நாலு விநாடி ஆயிற்று.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஷாயிஸ்தாவும் சுமலதாவும் அப்போதே ஜீப்பில் கிளம்பினார்கள். பைக்காரா தாண்டும்போது ஒரே மூடுபனி. எஸ்டேட்டுக்கு வந்து சேர மாலை நாலரை மணி. ஹெர்பர்ட் கடிதத்தை இரண்டு தடவை படித்தார், மாத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் ஓடினார். முதல் மூன்று பெண்களில் இரண்டு பேருக்குக் கயிற்றின் கீழே கறுப்புப் புண் இருந்தது. அங்கேயே மாத்திரை விழுங்கினார்கள், பிழைத்தார்கள். மூன்றாவதாகப் பார்த்தவளுக்கு வெறும் சளி.

நான்காவது, லைனின் கடைசி வீட்டில் சுகுணா, மூச்சு வாங்குகிறவள். வயது இருபத்தாறு. காய்ச்சல் தொடங்கி அன்றைக்கு எட்டாம் நாள். ஏழு நாளைக்கு முன் அவள் ஹெர்பர்ட்டிடம் போய் இடுப்பைக் காட்டியிருக்கிறாள். எழுதி வைத்திருந்தபடி அவரும் ஊதா மருந்து தடவி அனுப்பியிருக்கிறார். கூடலூர் போகும் வழியில் ஷாயிஸ்தாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவள் நாடுகாணி தாண்டியதும் பேச்சை நிறுத்தினாள். கிருத்திக் வாசலுக்கே ஓடி வந்தான். அன்று இரவே சுகுணா போய்விட்டாள். கடிதம் மேஜையில் கிடந்த ஐம்பத்தொரு நாளில், அவள் டிஸ்பென்சரிக்குப் போன நாற்பத்துநான்காம் நாளுக்கு முன்னால், சிவகுரு அந்த நாலு விநாடியைச் செலவழித்திருந்தால் போதும், சுகுணா இன்றைக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள்.